துணைக்கு ஓர் ஆள்

"ஆபரேசனா? புத்தி கெட்டுப்போச்சா கந்தவேலு?"

குமாரபாளையத்தின் உச்சிவெயிலில் நடந்து வந்த கந்தவேலின் பெரியப்பா மகன் வீரபாகு, பாயில் உட்காரும்போதே ஆரம்பித்தார்.

"ஒரு புள்ள போதும்னுங்ணா. நாளைக்கு என்னைய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"அதுவும் பொட்டப்புள்ள. கட்டிக் குடுத்தா போயிருவா. ஊட்டுல ஆளு குறைஞ்சா தறியில எவன் உட்காருவான்? வயசான காலத்துல உனக்கு எவன் சோறு போடுவான்? என்னையப் பாரு. அஞ்சு பசங்க, அஞ்சு தறி."

"தறிதானுங்க அஞ்சாச்சு. நெசவாளர் சங்கத்துல குடுக்கற நூலு ஏறலீங்களே. ஒரு தறி நூலத்தானே அஞ்சு பேரும் பிச்சுக்கறாங்க. நான் விசைத்தறி போட்டுட்டனுங்க. அஞ்சு பேரு நெய்யறத ஒருத்தனே நெய்யறேன்."

"மிசினு வந்து உனக்குக் கொள்ளி வைக்குமா?"

கந்தவேலுக்கு, நாளைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அவர் மனைவி ராஜம்மாள் இலை போட்டாள். வீரபாகு மூன்றாம் தடவையாகச் சோறு வாங்கும்போது அவள் கேட்டாள்:

"ஏனுங்க மாமா, இன்னைக்கு உங்களுக்குச் சோறு போடற முறை எந்தப் பையனுதுங்க?"

வீரபாகு குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"மூத்தவன் அடுத்தவன் முறைங்கறான். அடுத்தவன் அவனுக்கு அடுத்தவனக் கை காட்டறான். கடைக்குட்டி மூத்தவன் ஊட்டுக்கே திருப்பி அனுப்பிட்டான். அவனுகளையும் சொல்லிக் குத்தமில்ல, அஞ்சு ஊட்டு உலையிலயும் கஞ்சித் தண்ணிதான் கொதிக்குது. முந்தாநேத்துச் சாப்பிட்டது."

கந்தவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்களே துணைக்கு வாங்கண்ணா. மத்தியானச் சோறு இங்கதான்."

"எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றார் வீரபாகு.