எந்த மடையன் எழுதினது?

உலகத்துப் பூஞ்சைகள் பயப்படுவது ஒரே ஒருவருக்குத்தான்: பயிர்நோய்ப் பேராசிரியருக்கு. அவருடைய நெல்வயலைப் பார்க்கத் துணைவேந்தரே வரவிருந்தார்.

பக்கத்து வயலில் மைத்துனன் உமிச்சாம்பல் தூவினான்.

“நெல்லுக்குப் பவுடர் பூசறியா மாப்ளே? என்னை மாதிரி யூரியாவை அள்ளிப் போடு!”

“சாம்பல்ல சிலிக்கா இருக்கு மாமா. இலை கெட்டிப்படும், குலைநோய்ப் பூஞ்சை அண்டாதுன்னு ஒரு புத்தகத்துல படிச்சேன்.”

“எந்த மடையன் எழுதினது?”

மைத்துனன் சிரித்துக்கொண்டான்.

மறுவாரம் பேராசிரியரின் வயலில் இலைக்கு இலை குலைநோய்ப் புள்ளி. மைத்துனன் வயலோ நிமிர்ந்து நின்றது.

“அந்தப் புத்தகத்தைக் குடுடா!”

கொடுத்தான். அட்டையில் பேராசிரியரின் புகைப்படம் புன்னகைத்தது.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். ஓசைப்படாமல் ஒரு கூடைச் சாம்பலை அள்ளிக்கொண்டு, புள்ளி விழாத கடைசிப் பாத்தியை நோக்கி நடந்தார்.