சிக்கனமாக ஒரு கோல்ஃப் பயணம்

"அந்தக் கறுப்பு சாஸேஜ் வேண்டாம்னு சொன்னா, காலைச் சாப்பாட்டுல ரெண்டு யூரோ குறைப்பீங்களா, பிரீடா?"

தொலைபேசியில் வெண்டலின் குரல் ஒஹையோவிலிருந்து வந்தது. அங்கே காலை எட்டு மணி. இங்கே, பெருங்கடலுக்கு இந்தப் பக்கம் மேயோ கடற்கரையில், மதியம் ஒன்று. பிரீடா தேவாலயத்திலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நோட்டும் பென்சிலுமாகக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாஸேஜை வேண்டாம்கிறவங்களுக்கு ரெண்டு யூரோ அபராதம் போடறது எங்க ஊர் வழக்கம்."

"அநியாயமா இருக்கே! போன வாரம் ஒரு யூரோன்னுதானே சொன்னீங்க?"

"போன வாரம் இவ்வளவு காத்து அடிக்கல."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் வாரம் முழுக்க ஏதாவது யோசித்து வைத்திருப்பாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன் மூன்று நண்பர்களோடு கோல்ஃப் ஆட வந்து, பிரீடாவின் விடுதியில் நான்கு நாள் தங்கிப் போனவர் வெண்டல். மனைவியை இழந்தவர். பிரீடாவின் கணவர் அவர் வந்ததற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டிருந்தார். ஊர் திரும்பியதும் "செலவில்லாம இன்னொரு தடவை வரணும், வழி சொல்லுங்க" என்று கூப்பிட்டவர்தான். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. திட்டம் மட்டும் வருடா வருடம் தள்ளிப்போகும். ஒரு வருடம் நண்பரின் முழங்கால், இன்னொரு வருடம் டாலர் சரிவு.

பிரீடாவின் நோட்டு நிறைந்து கிடந்தது. அக்டோபரில் வந்தால் டிக்கெட் மலிவு. வாடகைக் கார் வேண்டாம், பேருந்து போதும். பேர்பெற்ற மைதானங்களின் பக்கமே போகக் கூடாது. ஊர்க்கோடியில் இருக்கும் ஒன்பது குழி மைதானத்தையே இரண்டு முறை சுற்றினால் ஒரு முழு ஆட்டத்துக்கான பதினெட்டுக் குழி ஆயிற்று. அங்கே வாசலில் ஆளே கிடையாது. சுவரில் இருக்கும் பெட்டியில் கட்டணத்தைப் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டியதுதான்.

பிரீடா கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டவள் இல்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் அந்த மைதானத்தை ஒரு சுற்று நடந்து சேதி சேகரித்து வைப்பாள்.

"நாலாவது குழிகிட்ட அந்தக் கிழட்டு ஆடு இன்னும் படுத்திருக்கா?"

"படுத்திருக்கு. உங்களை விசாரிச்சுது." பிரீடா நோட்டைப் புரட்டினாள். "ஆமா, மட்டைப் பைக்கு விமானத்துல தனியா பணம் கேப்பாங்களே. அதை நாம எழுதவே இல்லையே?"

"அதுக்குச் செலவில்ல. விடுங்க," என்றார் வெண்டல் அவசரமாக. "இன்னொண்ணு எழுதிக்கோங்க. அக்டோபர் நாலு. டிக்கெட் எடுத்துட்டேன். நான் மட்டும்தான் வரேன்."

பென்சில் அப்படியே நின்றது.

போனை வைத்ததும், சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மகள் மேவ் கத்தியோடு வந்து நின்றாள்.

"அம்மா, விடுதிப் பலகையைக் கழட்டி ஆறு வருஷம் ஆச்சு. ஞாபகம் இருக்கா?"

"இருக்குடி."

"ஒரு ரூம்ல என் பசங்க சைக்கிள். இன்னொண்ணுல உன் தையல் மெஷின். கட்டிலையெல்லாம் வித்தாச்சு. அந்த மனுஷனை எங்க படுக்க வைப்பே? நாலாவது குழியில, ஆட்டுக்குப் பக்கத்துலயா?"

"சிரிக்காதே, மேவ்."

"இத்தனை வருஷமா விலை பேசிட்டிருக்கியே, மூடிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பிரீடா கோட்டுப் பொத்தானைத் திருகினாள். "விடுதி இல்லன்னா என்கிட்ட பேச அவருக்கு என்ன இருக்கு? ஞாயித்துக்கிழமை போன் நின்னுடும்."

மேவின் சிரிப்பு அடங்கிவிட்டது. அம்மாவின் தோளில் கை வைத்தாள். "அவர் பெட்டியோட வாசல்ல வந்து நின்னு தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி, நீயே சொல்லிடும்மா."

அடுத்த ஞாயிறு மணி அடித்தது. பிரீடா அவரை வாயே திறக்கவிடவில்லை.

"வெண்டல், நான் ஒரு பொய் சொல்லிட்டே இருந்திருக்கேன். என் விடுதியை மூடி ஆறு வருஷம் ஆகுது. ரூமும் இல்ல, கட்டிலும் இல்ல. நீங்க கவலைப்படாதீங்க, ஹெனிகன் விடுதியில கேட்டு வெச்சிருக்கேன். என்னைவிட அஞ்சு யூரோ கம்மி. கோல்ஃப் ஆட வர்றவங்களுக்கு அங்க எல்லா வசதியும் உண்டு. நனைஞ்ச ஷூவைக் காயவைக்க அடுப்பு, மட்டைப் பை வைக்கத் தனி அறை..."

பிரீடா நோட்டை மூடி வைத்தாள்.

ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளும் முடிந்தன என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிரீடா," என்றார் வெண்டல் மெதுவாக, "அந்தத் தனி அறை எனக்கு வேண்டாம். தோள்ல ஆபரேஷன் ஆனப்பவே மட்டையெல்லாம் பேரனுக்குக் கொடுத்துட்டேன், அதுக்கே ஏழு வருஷம் ஆச்சு. ஆனா கோல்ஃப் பேச்சையும் விட்டுட்டா, ஞாயித்துக்கிழமை உங்களைக் கூப்பிட எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு?"