மேல் வரிசை

காகிதக் கோனுக்குள் விரலை விட்டாள். அது பின்னால் நகர்ந்தது.

இன்னும் கொஞ்சம் விட்டாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

வெள்ளைச் சுண்டெலி. தலையில் மஞ்சள் சாயக் குறி. அதன் பின்னால் இருட்டுக்குள் இன்னும் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக.

ஆய்வுக்கூடத்து எலி அறையின் மேல் வரிசையில் இதுதான் கடைசிக் கூடு. இரண்டு வரிசையிலுமாக மற்ற பதினொன்றும் காலி.

மேசைமேல் கண்ணாடிப் பெட்டி. அதில் செருகிய குழாய். குழாயின் மறுமுனையில் வாயு உருளை.

அவள் கோனை அப்படியே தூக்கினாள். ஒன்றும் வெளியே குதிக்கவில்லை. நான்கு உயிர் இருந்தும் கனமே இல்லை.

கோனோடு பெட்டிக்குள் வைத்தாள்.

"கோன எடுத்துருங்க்கா" என்றாள் தாரணி. ஆய்வு மாணவி. உருளையின் திருகில் கை வைத்திருந்தாள்.

அவள் எடுக்கவில்லை.

தாரணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு திருகினாள்.

கோனின் வாயில் ஒரு மூக்கு வந்தது. பிறகு வரவில்லை.

*

கோன் அவள் தங்கை நாகமணி கொடுத்தது. மில்லில் நூல் தீர்ந்தபின் எறிகிற காகிதக் கோன்.

"எலிக்கு வூடு கட்டறியாக்கும்? பால் காச்சறன்னிக்கு என்னயும் கூப்புடு."

அன்று ஆறுதான் கிடைத்தது.

கிருமி சாக, உமி மூட்டையோடு சேர்த்து ஆவியில் வைத்து எடுத்தாள். உலர்த்தினாள். மேல் வரிசைக் கூடுகள் ஆறிலும் ஒவ்வொன்றாக வைத்தாள். குழல்விளக்கு நேராக அடிப்பது மேல் வரிசையில்தான். அவற்றின் சிவந்த கண்களுக்கு வெளிச்சம் ஆகாது.

மூன்றாம் நாள் கோனின் விளிம்பைக் கடித்து, நார் நாராகக் கிழித்து, உள்ளே மெத்தை போட்டிருந்தன.

அன்று வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் தனியாகச் சிரித்தாள்.

கீழ் வரிசைக்கு மருந்து. பயத்தைப் போக்கும் மருந்து. மேல் வரிசைக்கு வெறும் தண்ணீர். இது அவளுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் சொல்வதில்லை.

சோதனை எளிது. கூட்டல் குறி போல ஒரு மேடை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு. இரண்டுக்கு இல்லை. பயந்த எலி சுவரோரம் ஒண்டிக்கொள்ளும். பயம் போன எலி விளிம்புவரை நடந்துபோய்க் கீழே எட்டிப் பார்க்கும்.

தண்ணீர் குடித்தவை விளிம்புவரை நடந்தன.

"மேல இருக்கற கூட்டுல இந்தக் கோன யாருங்க்கா வெச்சது?"

"நாந்தானுங் அம்மிணி. வெளிச்சம் கண்ணுல அடிக்குதேன்னு."

"வெச்சா எல்லாத்துக்கும் வெச்சிருக்கோணும். இல்லீன்னா ஒண்ணுக்கும் வெச்சிருக்கக் கூடாதுங்க்கா."

"ஆறுதானுங் இருந்துச்சு."

தாரணி திட்டவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாத வேலை.

தாரணியின் ஆய்வை வழிநடத்தும் சார் முதலிலிருந்து செய்யச் சொன்னார். புதிதாக நாற்பத்தெட்டு.

பழைய நாற்பத்தெட்டும் எப்படியும் போகவேண்டியவைதான். அது அவளுக்குத் தெரியும். இந்த அறையில் பதினோரு வருடமாகத் தெரியும்.

இரண்டாவது நாற்பத்தெட்டின் சாவு மட்டும் அவளுடையது.

*

மத்தியானம் பெட்டிகள் வந்தன. காற்றுக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டிகள். துளைகளில் மூக்குகள்.

கூடுகளைக் கழுவிப் புது உமி பரப்பியிருந்தாள். கதவுக் கொக்கியில் ஒரு துணிப்பை தொங்கியது. ஆறு போதவில்லை என்று அவள் கேட்டதால் நாகமணி நேற்றே கொடுத்தனுப்பிய பை.

"பன்னண்டு இருக்குதுங் அம்மிணி. ஆவியில வெச்சுட்டேன். எல்லாத்துக்கும் போட்டரலாமுங்ளா?"

தாரணி அந்தப் பையைப் பார்த்தாள்.

"பயம் வேணுங்க்கா" என்றாள். "பயம் இருந்தாத்தானே மருந்து வேல செய்யுதான்னு தெரியும்."

சொல்லிவிட்டு வெளியே போனாள். கதவு மூடிக்கொண்டது. அதற்கடுத்த கதவும்.

குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டில் விட்டாள். கீழ் வரிசை முடிந்தது. மேல் வரிசை. விளக்குக்குக் கீழே விட்டதும் நான்கும் மூலைக்கு ஓடின. ஒன்றின் அடியில் ஒன்று தலையை நுழைக்கப் பார்த்தன. எதற்கும் அடி கிடைக்கவில்லை.

கடைசிக் கூட்டில் கடைசி எலி. உமியில் இறக்கப்போனாள். அது அவள் விரலைவிட்டு இறங்கவில்லை. உள்ளங்கையில் ஏறியது. மணிக்கட்டுக்கு வந்தது. அவள் போட்டிருந்த கோட்டின் அகலக் கைக்குள் புகுந்தது.

உள்ளே முழங்கை மடிப்புவரை போய் நின்றது.

நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு நடுக்கம். அவள் தோள்வரை தெரிந்தது.

கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். எண்ணவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

நடுக்கம் குறைந்தது.

பிறகு நின்றது.

இதற்கும் பயம் போய்விட்டால் இன்னொரு நாற்பத்தெட்டு வரும்.

மறு கையைக் கோட்டுக்குள் விட்டாள். வாலைப் பிடித்தாள். நகங்கள் துணியில் மாட்டின. ஒவ்வொன்றாக விடுவித்து வெளியே எடுத்தாள். விளக்குக்கு நேர்கீழே, உமியின் நடுவில் விட்டாள். கம்பி மூடியைப் போட்டாள்.

அது ஓடவில்லை. தலை தூக்கி அவள் இருந்த பக்கம் மோந்து பார்த்தது.

மறுபடி அது நடுங்கத் தொடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.