கால் எட்டும் வண்டி

நாகலூர் சாலையை நோக்கிச் சரியும் வாசலில், சாதிக் பாஷாவின் பட்டறைச் சுவரில் பைக்கிலிருந்து கழற்றிய இரண்டு பெரிய சக்கரங்கள் செம்மண் காயாமல் சாய்ந்து நிற்கின்றன. காட்டுப்பாதைக்கென்று செய்த அந்த உயரமான பைக்கில், தார்ச்சாலை வளைவுகளில் சாய்ந்து பறப்பதற்கான சின்னச் சக்கரங்கள் இப்போதுதான் ஏறியிருக்கின்றன. சக்கரம் மாட்டிய வண்டியை முதலில் ஓட்டிப் பார்ப்பது பாய்தான். பட்டறை வழக்கம் அது. இன்று அவர் கை கழுவத் திரும்பிய நேரத்தில் வண்டிக்குச் சொந்தக்காரி ஷெர்லின் டீச்சர் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டு வருடமாக நுனிவிரல் மட்டுமே தொட்ட தரையில் இரு பாதங்களும் முழுதாகப் பதிகின்றன.

"பாய், கால் நல்லா எட்டுதுங்க."

ஸ்டாண்டைத் தட்டுகிறாள். இன்ஜின் போடாத வண்டி தானாக உருள்கிறது. வளைவில் பஸ் ஹாரன். பிரேக்கைப் பிடிக்கிறாள், லீவர் எந்தப் பிடிப்பும் இல்லாமல் கைப்பிடிவரை வந்து ஒட்டுகிறது. மிதித்தால் கால் பிரேக்கும் அப்படியே அமுங்குகிறது. சோப்பு நுரை சொட்டப் பாஷா ஓடிவருகிறார்.

"கால ஊனுங்க டீச்சர், கால ஊனுங்க."

ஷூ ஜல்லியில் தேய்கிறது. சாலைக்கு ஒரு முழம் முன்பு வண்டி நிற்கிறது. பஸ் அவள் முகத்தில் புகையடித்துக் கடக்கிறது.

"சக்கரம் மாட்டுனா நாலு தடவ அமுக்கினாத்தானுங்க பிரேக் ஏறும்." பாஷா நிமிராமல் லீவரை அமுக்குகிறார். மூன்றாவதில் இறுகுகிறது. பிறகு மிதியையும் அமுக்கிப் பார்க்கிறார். "இப்பப் புடிக்குதுங்க. கால எடுங்க."

அவள் எடுக்கவில்லை.