சாமான் மட்டும்

சோதனைச் சாவடியில் அவளை இறங்கச் சொன்னார்கள்.

இறங்கினாள். நிறைமாதம் என்பதால் அதுவே பெரும்பாடாக இருந்தது. அவன் பைக்கைச் சாயாமல் பிடித்துக்கொண்டு ஒரு கையை மட்டும் நீட்டினான்.

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் கொரோனா ஊரடங்கு. வாடகை பைக்கில் மூட்டை ஏற்றலாம், ஆள் ஏற்றக் கூடாது. கிருமிக்கு வெங்காய மூட்டையைப் பிடிக்காதாம். வடக்கேயிருந்து பிழைக்க வந்த அவர்கள் இருவருக்கும் ஆறு வாரமாக அந்த வெங்காயம்தான் சோறு போடுகிறது.

"என் பொண்டாட்டி, ஐயா. வலி வந்துடுச்சு. ஆம்புலன்ஸ்காரங்க போனே எடுக்கல."

காவலருக்கும் அவன் வயதுதான் இருக்கும். கெட்டவராகத் தெரியவில்லை. அவள் கையிலிருந்த பையைத் திறந்து பார்த்தார். பிரசவத்துக்குப் போகிறவர்கள் தாங்களே வாங்கிக்கொண்டு போக வேண்டியவை. கையுறை, பஞ்சு, விரிப்பு, நூல், புது பிளேடு.

"சாமான் போகலாம்," என்றார். "அவங்க நடந்து வரட்டும்."

ஆஸ்பத்திரிக்கு நான்கு கிலோமீட்டர்.

தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் அவன் மனைவி லாமுனுதான் சொன்னாள். "நீ முன்னாடி போய் ஆம்புலன்ஸ அனுப்பு. பையையும் எடுத்துக்கோ. அதத் தூக்கிட்டு என்னால நடக்க முடியாது."

சொன்னவளே அதைப் பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினாள்.

அத்தனை வேகமாக அவன் எந்த மூட்டையையும் கொண்டுபோனதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எல்லாவற்றையும் எடுத்துச் சரிபார்த்தாள். பையின் மேல் பெயரெழுதி ஒட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

"எதுவும் குறையல. அவங்க எங்க?"

ஆம்புலன்ஸ் எங்கேயோ போயிருந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவன் பைக்கைத் திருப்பினான்.

சோதனைச் சாவடியிலிருந்து அவள் நூறடிகூட வந்திருக்கவில்லை. ஐந்தாறு பெண்கள் உடைக்கு மேல் சுற்றியிருந்த இடுப்புத் துணிகளை அவிழ்த்து விரித்துப் பிடித்து, வட்டமாக நின்றிருந்தார்கள். தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. அந்தக் காவலர் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிற லாரிகளையெல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தார்.

துணிக்குள்ளிருந்து ஓர் அழுகுரல் கேட்டது. மிகச் சின்னக் குரல்.

அவன் அழுதுவிட்டான்.

லாமுனுவின் குரல் கேட்கவில்லை.

ஒருத்தி துணியை விலக்கித் தலையை நீட்டினாள். முழங்கை வரை ரத்தம்.

"நீதான் புருஷனா? பிளேடு, பஞ்சு, எதாச்சும் கொண்டாந்தியா? ரத்தம் நிக்கல."

அவன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

கயிறு இருந்தது.