டம்ளருக்குள் பச்சைத் திரை

"பின்னணியை மட்டும் மாத்தினா ஆச்சா? டம்ளரை யார் பார்க்கிறது?" என்று போனில் பிடிபிடியென்று பிடித்தாள் அவள். விளம்பரப் படங்களில் கண்ணாடிச் சாமான்களைத் கம்ப்யூட்டரில் தனியே பிரித்தெடுத்து, புதுப் பின்னணியோடு பொருத்துவதில் புலி.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" மறுமுனை இழுத்தது.

"என்னத்த நல்லா இருக்கு? பின்னாடி ஓட்டல் ரூமோட சிவப்புச் சுவர். கையில இருக்கிற கண்ணாடி டம்ளர் வழியா பார்த்தா பச்சைத் திரை! பழைய பின்னணி உள்ளேயே நிக்குது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இது கூடவா தெரியாது?"

"அவசரத்துல அனுப்பிட்டேன்."

பக்கத்து சீட்காரி எட்டிப் பார்த்தாள். "பாவம், விடுக்கா. புது ஆளா?"

"பழைய ஆள்தான்" என்றவள், படத்தைப் பெரிதாக்கினாள். டம்ளருக்குள் திரையை ஒட்டி ஒரு கம்பி, அதில் தொங்கும் குளுக்கோஸ் பாட்டில்.

அவள் குரல் இறங்கியது. "மறைக்காம சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரி? எத்தனாவது வார்டு?"



"நீ பதறிடுவேன்னுதான்..." என்றார், முந்தாநாள் வெளியூர் மீட்டிங் என்று பெட்டியோடு கிளம்பிய கணவர்.