ஒட்டிக்கொண்ட நாசில்

அன்றோடு அந்த ஹைட்ரஜன் பங்க்கை மூடுகிறார்கள். மறுநாள் அப்பாவின் ஹைட்ரஜன் காரும் கைமாறுகிறது. அப்பாடா என்றிருந்தது மகனுக்கு.

ஆனாலும், வாங்குகிறவரிடம் காலி டேங்க்கோடு கொடுக்கக் கூடாதாம். அப்பா ஒற்றைக்காலில் நின்றதால், வேறு வழியில்லாமல் அவனே ஓட்டிக்கொண்டு வந்தான்.

"நாற்பது கிலோமீட்டர் வந்து, பெட்ரோலை விட மூணு மடங்கு காசைக் கொட்டி, இத்தனை வருஷம் இதைக் கட்டிக்கிட்டு அழுதீங்களேப்பா! பேட்டரி கார்னா வீட்டுலேயே சார்ஜ் போட்டுக்கலாம்."

அப்பா காதில் வாங்கினால்தானே!

பங்க்கில் இருந்த பெண் குழாய் முனையிலிருந்த நாசிலை வண்டியில் மாட்டினாள். நாலே நிமிஷத்தில் டேங்க் நிறைந்தது. நாசிலை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஹைட்ரஜன் சில்லுன்னு வருதுல்ல, உறைஞ்சு வண்டியோட ஒட்டிக்கிச்சு சார். கால் மணி நேரம் ஆகும்."

மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவோ நாற்காலியை இழுத்துப் போட்டு ஜம்மென்று உட்கார்ந்தார்.

"ஞாபகம் இருக்காம்மா? அப்பல்லாம் பத்து வண்டி வரிசையில நிக்கும். ஒரு வண்டியில ஒட்டிக்கிட்டா பத்துக் குடும்பமும் இறங்கி அரட்டைதான். பல் டாக்டர் பொண்ணுக்கு மாப்பிள்ளை அமைஞ்சதே இந்த வரிசையிலதான்!"

"உங்க வீட்டம்மா ஃபிளாஸ்க்ல காபி கொண்டு வந்து எனக்கும் ஊத்துவாங்களே சார்."

"ஆமா, எனக்குத்தான் பாதி டம்ளர்!"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் இப்படிச் சிரித்து மகன் பார்த்ததேயில்லை. சிரிப்பு முடியும் முன்பே கண் கலங்கிவிட்டது.

"முகம் கழுவிட்டு வரேன்" என்று எழுந்து பின்பக்கம் போனார்.

மிஷினைக் கழற்ற வந்திருந்த கம்பெனி மெக்கானிக் நாசிலைப் பிடித்து இழுத்தான். சுலபமாகக் கையோடு வந்தது.

"யாருங்க ஒட்டிக்கிச்சுன்னு சொன்னது? புது நாசில் போட்டு ரெண்டு வருஷமாச்சு. இது உறையவே உறையாது."

மகன் அவள்மேல் பாய்ந்தான்.

"வாராவாரம் லேட்டாகுதுன்னு அவர் சொல்றது இதனாலதானா? வயசான மனுஷன்கிட்டப் பொய் சொல்லி உட்கார வைக்கறீங்களே, வெட்கமா இல்லை?"

அவள் பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"புதுசு மாட்டின அன்னைக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன் சார். 'இருக்கட்டும்மா, நீ ஒட்டிக்கிச்சுன்னே சொல்லு. வீட்டுல எல்லாரும் பிஸி. இங்க வந்தாதான் நாலு வார்த்தை பேச முடியுது'ன்னு அவர்தான் கேட்டுக்கிட்டார்."